தே தாரேக்கில் எலுமிச்சை பிழியாதது ஏன்?

தே ஓவில் எலுமிச்சை பிழியலாம். தே தாரேக்கில் பிழியக் கூடாது. மலேசியாவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தேநீர்க்கடைக்கு நேற்று வேலைக்கு வந்த பையனுக்குக்கூட இது தெரியும். ஏன் என்று கேட்டால்தான், "பால் திரிஞ்சிடும்லா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பால் ஏன் திரிகிறது, தே ஓ ஏன் திரியவில்லை என்ற கேள்விக்குப் போகும் பாதையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்த வாரம் முதல் அடி வைக்கிறார்கள். அறிவியலில் 'அமிலமும் காரமும்' தொடங்கியிருக்கிறது.

சுங்கை பாக்காப் ஜாலான் பெசாரில் காலைப் பசியாறல் நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. பக்கத்து மேசையிலிருந்த இளந்தாய் ஒருவர் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியை அனுப்பிய பட்டியல்: லிமாவ் கஸ்தூரி, புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர், சீனித்தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், கொஞ்சம் பற்பசை. எல்லாவற்றையும் சிறு போத்தல்களில் ஊற்றிப் பெயர் ஒட்டி அனுப்ப வேண்டுமாம்.

"என்னங்க அங்கிள், இது அறிவியல் பாடமா, சமையல் பாடமா? வீட்டுல உள்ள பாதி சாமான் கேட்டிருக்காங்க."

"ரெண்டும்தான்மா" என்றேன். "பிள்ளை வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டா பதில் சொல்லத் தெரியணும். உக்காருங்க, தே ஆறட்டும்."

அவருக்கு அந்தப் பாடம் அந்நியமாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2003இல். அந்த ஆண்டுதான் நாடு முழுவதும் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடக்கம். அதைக் கைவிடுவதென அரசு முடிவெடுத்தது 2009இல். இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்கள் இன்று பெற்றோர்கள். 'ஆசிட்', 'அல்கலி' என்றால் அவர்களுக்குப் புரியும். பிள்ளையின் தமிழ்ப் பாடநூலைத் திறந்தால் ஒரு நொடி தயங்குவார்கள். 2016இல் வந்த இருமொழித் திட்டத்தின் கீழ் சில பள்ளிகள் இன்றும் இப்பாடங்களை ஆங்கிலத்தில் நடத்துகின்றன. எது நல்லது என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். எந்த மொழியில் நடத்தினாலும் எலுமிச்சை புளிக்கத்தான் செய்யும்.

வகுப்பில் நடப்பது இதுதான். ஆசிரியை லிட்மஸ் தாள் கொடுப்பார். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கொண்டுவந்த ஒவ்வொரு நீரிலும் இரண்டையும் நனைக்க வேண்டும். நீலத்தாள் சிவப்பானால் அது அமிலம். சிவப்புத்தாள் நீலமானால் காரம். இரண்டும் அப்படியே இருந்தால் நடுநிலை. எலுமிச்சையும் புளியும் அமிலம், சவர்க்காரம் காரம், உப்புத்தண்ணீரும் சீனித்தண்ணீரும் நடுநிலை. பற்பசை பெரும்பாலும் லேசான காரம்.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் நடுநிலைதான். உப்புத்தண்ணீரில் நீலத்தாளை மட்டும் நனைத்துவிட்டு, "மாறலை டீச்சர், நடுநிலை" என்பார்கள். அது தவறான முடிவு. சவர்க்காரத் தண்ணீரிலும் நீலத்தாள் மாறாது. அமிலம் இல்லை என்பது மட்டும்தான் இதுவரை தெரிந்தது. காரமா, நடுநிலையா என்று தெரிய சிவப்புத்தாளும் வேண்டும். ஒரு கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்ற பழக்கம் இங்கேதான் பிள்ளைக்கு முதலில் வருகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தில் அமிலத்தைவிட இதுதான் முக்கியம். ஆனால் தாளைக் கையில் கொடுக்காமல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் இது போய்விடும்.

பட்டியலை நம்பினால் இன்னொரு வம்பும் உண்டு. 'ஷாம்பு காரம்' என்று மனப்பாடம் செய்த பிள்ளை, இன்றைய ஷாம்பு ஒன்றைச் சோதித்தால் குழம்பிப்போகும். பல ஷாம்புகளை இப்போது லேசான அமிலத்தன்மையோடுதான் செய்கிறார்கள், ஏனென்றால் நம் தோலும் தலைமுடியும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. சவர்க்காரக் கட்டி மட்டும் இன்றும் காரம். தாள் சொல்வதே முடிவு. புத்தகம் சொல்வது அதற்குப் பிறகு.

இந்த லிட்மஸ் எங்கிருந்து வருகிறது? பிரியாணியில் கல்பாசி போடுகிறோமே, அது லைக்கன் வகை. பாசியும் பூஞ்சையும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர். அதே வகையைச் சேர்ந்த வேறு சில லைக்கன்களிலிருந்து எடுத்த சாயம்தான் லிட்மஸ். தாவரச் சாயங்கள் அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் ஒரு நிறமும் காட்டுவதை 1664இல் ராபர்ட் பாயில் தன் நூலில் விரிவாக எழுதினார். அவர் பயன்படுத்தியவற்றில் வயலட் பூச்சாறும் ஒன்று. எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று எண்ணால் சொல்லும் பிஎச் அளவு 1909இல்தான் வந்தது. கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை செய்த சோரன்சன் அதைக் கொடுத்தார். ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணுக்கும் வேறுபாடு பத்து மடங்கு. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு இந்த எண்கள் வேண்டாம். ஆனால் இனி நான் சில இடங்களில் சொல்வேன், அதனால் உங்களுக்காக.

லிட்மஸ் தவிர வேறு எதைக் கொண்டு சோதிக்கலாம் என்று தேடிப் பார்ப்பதும் இந்தப் பாடத்தில் உண்டு. இங்கேதான் தமிழ் வீட்டுக்கு லாட்டரி அடித்த மாதிரி. நம் வீட்டில் மஞ்சள் இருக்கிறது.

ஆரத்தி கரைத்த கைகளுக்கு இது தெரியும். மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை வெற்றிலைச் சுண்ணாம்பு. உடனே தட்டு முழுவதும் இரத்தச் சிவப்பு. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற நிறமி, நடுநிலையிலும் அமிலத்திலும் மஞ்சளாக இருக்கும். பிஎச் எட்டைத் தாண்டினால் சிவக்கத் தொடங்கும். சுண்ணாம்பு நீரின் பிஎச் பன்னிரண்டுக்கும் மேல். அந்தச் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழியுங்கள். மீண்டும் மஞ்சளாகும். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி சிவப்பு. ஒரு பிள்ளையை அரை மணி நேரம் சமையலறையில் அசையாமல் நிறுத்தி வைக்க இதைவிட வேறு வித்தை எனக்குத் தெரியாது.

"அப்போ வெள்ளைச் சட்டையில குழம்பு பட்டு, சோப்பு போட்டா செவக்குதே..." என்று அந்தத் தாய் இழுத்தார்.

அதேதான். பள்ளிச் சீருடையில் பட்ட மஞ்சள் கறை, சவர்க்காரம் பட்டதும் ஏதோ இரத்தக்கறை போல மாறி வயிற்றைக் கலக்கும். சவர்க்காரம் காரம் என்பதற்கு அந்தச் சட்டையே சாட்சி. நன்றாக அலசினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். வெயிலில் காயப்போட்டால் கறையும் மெல்ல வெளுக்கும், ஏனென்றால் குர்க்குமினுக்கு வெயில் ஆகாது.

ஆனால் மஞ்சளுக்கும் ஒரு குறை உண்டு. அது காரத்தை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். எலுமிச்சையிலும் மஞ்சள், வெறும் தண்ணீரிலும் மஞ்சள். அமிலத்தைப் பிடிக்க வேறு ஆள் வேண்டும். வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூ அந்த வேலையைச் செய்யும். கிளந்தானில் நாசி கெராபுவுக்கு நீலம் தருவதும், பினாங்கு ஞோஞ்ஞா பலகாரங்களில் புலூட் அரிசிக்கு நீலத் திட்டுப் போடுவதும் இந்தப் பூதான். சுடுநீரில் ஊறவைத்த நீலச்சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். சமையல் சோடா போட்டால் பச்சையாகும். செம்பருத்தியும் கிட்டத்தட்ட இதையே செய்யும்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை. 1960இல் நாட்டின் தேசிய மலராக அறிவித்த பூ. பள்ளி வாசலிலேயே நிற்கும். தாள் வாங்கப் பணமில்லை என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது.

சரி, தேநீருக்கு வருவோம். தே ஓவில் லிமாவ் கஸ்தூரியைப் பிழிந்ததும் நிறம் வெளுக்கிறது. சாறு ஊற்றியதால் தண்ணியாகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியா என்று பார்ப்பது சுலபம். ஒரே கொதிகலத் தேநீரை இரண்டு கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் ஒரு தேக்கரண்டி வெறும் தண்ணீர். தண்ணீர் ஊற்றியது அப்படியே இருக்கும். எலுமிச்சை ஊற்றியது பொன்னிறமாகும். ஆக, தேயிலையின் பழுப்பு நிறமியே அமிலத்தில் நிறம் மாறுகிறது. தே ஓவும் ஒரு சோதனைத்தாள்தான். வேறு எதுவும் அங்கே நடப்பதில்லை. நிறம் மாறியதோடு கதை முடிந்தது. குடிக்கலாம்.

பால் ஊற்றிய தேநீரில் கதை வேறு. பாலில் கேசின் என்ற புரதம், கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் எதிர்மின்னேற்றம். முதலாம் ஆண்டில் காந்தம் படித்த பிள்ளையிடம், ஒரே முனைகளைக் கிட்டே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தள்ளிக்கொள்ளும் என்று சொல்லும். அப்படித்தான் இந்த உருண்டைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. அதனால்தான் பால் பாலாக இருக்கிறது. அமிலம் சேர்த்தால் அதிலிருந்து வரும் நேர்மின்னேற்றம் இந்த எதிர்மின்னேற்றத்தை அழித்துவிடும். பிஎச் 4.6க்கு வரும்போது தள்ளும் விசை ஏறக்குறைய இல்லை. உருண்டைகள் மோதி, ஒட்டி, கட்டியாகி அடியில் இறங்கும். அதைத்தான் திரிந்தது என்கிறோம். கெட்டிப்பாலானாலும் இதே கதிதான்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது, எங்கள் மேசையில் அதுவரை பரோட்டாவில் மட்டும் கவனமாக இருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிர்ந்தார். தோட்டத்துப் பால் ஸ்டோரில் பல வருடம் வேலை செய்தவர்.

"தம்பி, நீ சொல்றது ரப்பர் பால் கதைல்ல?"

ஆமாம். அப்படியே அதுதான்.

பால்மரத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் நுண்ணிய துளிகளாக மிதக்கும். ஒவ்வொரு துளியையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை; அந்த உறையின் மேலும் எதிர்மின்னேற்றம். மரத்திலிருந்து சொட்டும்போது நடுநிலைக்கு அருகில் இருப்பதால் துளிகள் விலகி நிற்கின்றன, பால் ஓடுகிறது. மங்கு நிறைகிறது. விடியுமுன்பே போய் மரம் சீவியதற்கும் காரணம் இருக்கிறது: வெயில் ஏறாத நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும்.

பிறகு வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோனால், எடை போட்டு, வடிகட்டி, தண்ணீர் கலந்து, தொட்டியில் ஊற்றி, அளவாகப் பார்மிக் அமிலம் சேர்ப்பார்கள். மலாய்க்காரர்கள் அதை 'சுக்கா கெத்தா' என்பார்கள், ரப்பருக்கான காடி. பிஎச் ஐந்துக்குக் கீழே இறங்கும்போது துளிகளின் மின்னேற்றம் அழியும், உறை உடையும், ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மறுநாள் காலையில் தொட்டியில் வெள்ளையாக, மெத்தென்று, தோஃபு போல எழுந்து நிற்கும். அதை உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகை வீட்டில் தொங்கவிட்டால் ஷீட்டு.

"ஆசிட் கூடிப்போச்சுன்னா கட்டி கல்லு மாதிரி ஆயிடும், உருளையில ஏறாது. கொறஞ்சா கொழகொழன்னு நிக்கும். கண்ணாலயே அளவு தெரியும் எங்களுக்கு" என்றார் பெரியவர்.

பார்மிக் அமிலம் எங்கிருந்து முதலில் கிடைத்தது தெரியுமா? எறும்பிலிருந்து. மரத்தில் கூடு கட்டும் கெரெங்கா எறும்பு கடித்துவிட்டுப் பீய்ச்சுவதும் அதுதான். காலையில் மரத்தில் கெரெங்காவிடம் கடி வாங்கிவிட்டு, மதியம் அதே அமிலத்தைத் தொட்டியில் ஊற்றியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள்.

அமிலமே ஊற்றாமல் மங்கில் விட்டுவைத்தாலும் பால் உறைந்துவிடும். மறுநாள் எடுப்பார்களே, கட்டிப்பால், அதுதான். பாக்டீரியாக்கள் பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் உண்டானதும் மேலே சொன்னதெல்லாம் தானாக நடக்கிறது. நம் வீட்டில் தயிர் உறைவதற்கும் இதே வழிதான். அங்கேயும் பாக்டீரியா, அங்கேயும் அமிலம், அங்கேயும் கேசின் ஒட்டிக்கொள்கிறது. கட்டிப்பாலின் நாற்றத்துக்கும் அந்தக் கிருமிகளே பொறுப்பு. ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை.

உறையக் கூடாது என்றால்? அமோனியா. காரம். பாலின் பிஎச் ஏறும், துளிகளின் எதிர்மின்னேற்றம் வலுக்கும், கிருமிகளும் சாகும். பால் பாலாகவே பல மாதம் இருக்கும். உலகிலேயே அதிகமாக ரப்பர் கையுறை செய்யும் நாடு மலேசியா. இயற்கை ரப்பரில் செய்யும் கையுறைகளுக்கான பால் இப்படி அமோனியா போட்டுக் காத்த பால்தான். ஒரே மரம், ஒரே பால். அமிலம் போட்டால் ஷீட்டு, காரம் போட்டால் கையுறை. மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் இருக்கும் இரண்டு சொற்கள் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் சம்பளத்தையே தீர்மானித்தன.

ரப்பருக்கு முன்னாலும் இங்கே இந்தக் கணக்கு இருந்தது. சுங்கை பாக்காப்பை வளர்த்தெடுத்தவர் கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சியூ சீனர். அவர் பணம் சேர்த்தது கரும்பில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் செபராங் பிறை முழுவதும் கரும்பு. கலிடோனியா, பைராம், பத்து காவான் என்று ஐரோப்பியத் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அந்த ஒப்பந்த முறை நின்றது 1910இல்தான். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது, இப்போது பத்து காவானில் மின்னணு ஆலைகள்.

கரும்புச்சாறு இயல்பிலேயே கொஞ்சம் அமிலம், பிஎச் ஐந்து, ஐந்தரை இருக்கும். அப்படியே காய்ச்சினால் அமிலமும் சூடும் சேர்ந்து சீனியை இரண்டாக உடைத்துவிடும். குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று பிரிந்துபோனால் மணி மணியாகப் படியாது, பாகாகவே நிற்கும். அதனால் சாற்றில் சுண்ணாம்புப் பால் ஊற்றுவார்கள். சுண்ணாம்பு காரம், சாற்றின் அமிலத்தை முறித்து நடுநிலைக்குக் கொண்டுவரும். அழுக்கும் நுரையோடு ஒதுங்கிவிடும். தமிழ்நாட்டில் வெல்லம் காய்ச்சுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் இரண்டும் தம் குணத்தை இழக்கும் என்ற பாடத்தை மேல்வகுப்பில் 'நடுநிலையாக்கல்' என்று படிப்பார்கள். கேஸ்ட்ரிக் வந்தால் வெள்ளை மருந்தைக் குடிக்கிறோமே, அதிலும் மெக்னீசியம், அலுமினியக் காரங்கள்தான். வயிற்றில் சுரப்பது கடுமையான அமிலம் என்பதால் அதை முறிக்கக் காரம்.

குளவி கொட்டினால் சுண்ணாம்பு தடவும் பழக்கமும் இதை நம்பித்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் கொடுக்கு விஷத்தைத் தோலுக்குள் இறக்கிவிடுகிறது. மேலே தடவும் சுண்ணாம்பு அங்கே போய்ச் சேராது. அதோடு சுண்ணாம்பு தோலையும் அரிக்கும். தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, ஐஸ் வைப்பதே நல்லது.

எச்சரிக்கை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அமிலம் புளிக்கும், காரம் கசக்கும், காரம் விரலில் வழவழக்கும் என்று பாடத்தில் வரும். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் நக்கிப் பார்க்கக் கிளம்புவார்கள். சாப்பிடும் பொருளை மட்டும்தான் சுவைக்க வேண்டும் என்பதைச் சோதனைக்கு முன்னாலேயே சொல்லுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மஞ்சள் வித்தையைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும், சுண்ணாம்பை அவர்தான் எடுக்க வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தையும் குளோராக்ஸ் போன்ற வெளுப்பு மருந்தையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிரையே எடுக்கும். காடியும் குளோராக்ஸும் கலந்தாலும் அப்படித்தான். 'இரண்டு மருந்து போட்டா இன்னும் சுத்தமாகும்' என்று நினைக்கும் நல்ல மனிதர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

பல்லையும் சொல்ல வேண்டும். இதே மூன்றாம் ஆண்டு அறிவியலில் பல் பாடமும் உண்டு, ஆனால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. வாயில் பிஎச் ஐந்தரைக்குக் கீழே போனால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். கோலா வகைப் பானங்கள் இரண்டரை, மூன்று. சீனி மிச்சத்தைத் தின்னும் பாக்டீரியாக்களும் அமிலமே விடுகின்றன. பள்ளி முடிந்து வாசலில் வாங்கிக் குடிக்கும் கலர் தண்ணீரைப் பற்றி நாம் கத்துவதைவிட, அந்தத் தண்ணீரில் பிள்ளையே நீல லிட்மஸ் தாளை நனைத்துப் பார்ப்பது நல்லது.

"இது சோதனையில வருமா அங்கிள்?" அந்தத் தாயின் அடுத்த கேள்வி. வராமல் இருக்குமா, நம் பெற்றோர் வாயில்!

ஆறாம் ஆண்டில் இருந்த யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். இப்போது வகுப்பிலேயே மதிப்பீடு. ஆசிரியை பிள்ளை செய்வதைப் பார்த்து, ஒன்று முதல் ஆறு வரை தேர்ச்சி நிலை கொடுப்பார். பொருளின் பெயரைச் சொல்வது கீழ்நிலை. தானே சோதித்து, ஏன் இந்த முடிவுக்கு வந்தேன் என்று காரணம் சொல்வது மேல்நிலை. அதனால் பயிற்சிப் புத்தகம் வாங்கி 'எலுமிச்சை – அமிலம்' என்று நூறு முறை எழுத வைப்பதில் பயனில்லை. "இது அமிலம்னு எப்படித் தெரியும் உனக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளை தாளின் நிறத்தைச் சொல்லிப் பதில் சொன்னால் பாடம் புரிந்துவிட்டது. 'டீச்சர் சொன்னாங்க' என்றால் இன்னொரு எலுமிச்சை வாங்குங்கள்.

இதற்குள் பெரியவர் பரோட்டாவை முடித்துக் கை கழுவிவிட்டு வந்திருந்தார். அந்தத் தாய் அவரைப் பார்த்து, "தாத்தா, இதெல்லாம் எங்க டீச்சர்கிட்ட வந்து சொல்றீங்களா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு என்னம்மா தெரியும், நான் படிக்காதவன்" என்றார்.

தென் செபராங் பிறையில் பால் ஸ்டோரில் நின்றவர்களும் மரம் சீவியவர்களும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் பிள்ளையின் அறிவியல் ஆசிரியருக்கு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்பி, அமிலம், காரம் பாடம் முடிவதற்குள் ஒரு பாடவேளை கேளுங்கள். முப்பது நிமிடம் அவருக்குப் போதும். கையில் ஒரு பழைய மங்கு மட்டும் கொடுத்து அனுப்புங்கள். உளி வேண்டாம், பள்ளிக்குள் விடமாட்டார்கள்.